சளியக்கா கண்டுபிடித்த புது வைரஸ்

கோழிக்குக்கூடவா சளி பிடிக்கும் என்று யாராவது கேட்டால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "பிடிக்கலைன்னா நான் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன்."

கால்நடை நோய் ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில், வராந்தா முடிகிற இடத்தில், குளிர்பெட்டிகளின் உறுமலுக்கு நடுவே இருந்தது அவள் அறை. கோழிகளின் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தெடுத்த சளி, சின்னச் சின்னக் குப்பிகளில் அங்கே வந்து சேரும். அந்தச் சளிக்குள் என்ன வைரஸ் இருக்கிறது, அது எந்த வகை, போன வருஷம் பார்த்ததிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வாசல் காவலாளி முதல் பிரிவுத் தலைவர் வரைக்கும் அவளைச் 'சளியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். தலைவர் அவளைவிட வயதில் மூத்தவர். அவர் வாயிலும் அக்காதான்.

அவள் அதற்காக வருத்தப்படுகிற ஆள் இல்லை. தன் கதையை அவளே இப்படித்தான் சொல்வாள்: "டாக்டராகணும்னு ஆசைப்பட்டேன், மார்க் வரலை. மனுஷங்க ரத்தம் பார்க்கிற வேலைக்கு எழுதிப்போட்டேன், ஆடு மாடு பக்கம் கூப்பிட்டாங்க. சரி, மாட்டுப் பிரிவாவது குடுங்கன்னேன், கோழியைக் கையில குடுத்தாங்க. இன்னும் ரெண்டு தடவை ஏதாவது கேட்டிருந்தா கொசுவுக்குப் போயிருப்பேன்."

இதில் கையில் கொடுத்தார்கள் என்பது பேச்சுக்குத்தான். இருபது வருஷத்துக்கு மேல் கோழி வைரஸோடு குடித்தனம் நடத்தியும் ஒரு கோழியைக் கையில் பிடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அது சிறகடித்தால் இவளும் அடிப்பாள். பண்ணைக்குப் போனால் யாராவது கோழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வாயைத் திறக்க வேண்டும், இவள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குச்சியை விடுவாள்.

ஆனால் குப்பிக்குள் வந்துவிட்ட பிறகு அவள் ராணி. அந்த வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயைப் பிடிக்கிறது, இருமல், தும்மல், இழுப்பு எல்லாம் வரும், முட்டை குறையும். அதன் உடம்பு முழுக்க முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளுக்கான மரபணு சும்மா இருக்காது. இங்கே ஓர் எழுத்து, அங்கே ஓர் எழுத்து என்று மாறிக்கொண்டே போகும். ஒரு வேஷத்துக்குத் தடுப்பு மருந்து போட்டால் வேறு வேஷத்தில் வந்து நிற்கும். எந்தப் பண்ணையில் எந்த வேஷம் சுற்றுகிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அவள் பக்கத்து நாற்காலி கடைசி வரை காலியாக இருப்பது ஏன் என்று அவள் ரொம்ப நாள் யோசித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தம்பி போன் செய்தான். கூடப் பிறந்த ஒரே தம்பி. ஊருக்கு வெளியே இரண்டு கொட்டகை போட்டு முட்டைக் கோழி வளர்க்கிறான்.

"அக்கா, கோழியெல்லாம் குறட்டை விடுது."

"பகல்லயா?"

"பகல் ராத்திரின்னு கணக்கே இல்லை. கொட்டகைக்குள்ள போனா மாமா தூங்குற ரூமுக்குள்ள போன மாதிரி இருக்கு."

மாமா என்றது அவள் புருஷனை. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பகலெல்லாம் மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், ராத்திரி படுத்த உடனே குறட்டை.

அவள் மறுநாளே கிளம்பிப் போனாள். கொட்டகை வாசலிலேயே சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான தொண்டைகளில் ஒரே நேரத்தில் ஈரமான கரகரப்பு. தம்பி ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து காட்டினான். ஓடு வெளிறி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. ஒன்றை உடைத்து ஊற்றினான். வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடியது.

அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது தன் வைரஸ்தான் என்று. நொந்துபோயிருந்த தம்பிக்கு ஆறுதல் சொல்வதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு சின்னக் குஷி வந்ததை அவள் பிறகு ஒப்புக்கொள்வாள். "டாக்டர் வீட்டுல யாருக்காவது அபூர்வ வியாதி வந்தா டாக்டருக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம் எனக்கு வந்திருக்கும்."

தம்பி பிடித்துக்கொள்ள, அவன் பொண்டாட்டி வாயைத் திறக்க, இவள் ஒவ்வொன்றாகக் குச்சி விட்டாள். நடுவில் கேட்டாள்:

"வழக்கமா போடுற தடுப்பு மருந்துதானே போட்ட? அந்த ஒண்ணுதானே?"

தம்பி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தான். "ம்."

அந்த 'ம்' போதுமானதாக இருந்தது அவளுக்கு. அடுத்து, கொட்டகைக்குள் போட்டுப்போகிற செருப்பை வெளியே போடக்கூடாது என்பது பற்றிப் பேச ஆரம்பித்தாள். தம்பி கையில் கோழியோடும், தம்பி பொண்டாட்டி கையில் அதன் அலகோடும் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டார்கள். கோழிக்கு மட்டும் நடுவில் இருமும் சுதந்திரம் இருந்தது.

ஆய்வகத்தில் பத்துப் பத்துக் கோழியின் சளியைச் சேர்த்து ஒரே குப்பியாக்கினார்கள். வேலை சீக்கிரம் முடிய எப்போதும் செய்வதுதான். முள்ளுக்கான மரபணு நீளமானது. ஒரே மூச்சில் படிக்க முடியாது. முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் படித்து, நடுவில் ஒட்டிக்கொள்வார்கள். அன்று முன்பாதி வந்தது. தம்பி போட்ட தடுப்பு மருந்தின் வகை. சரிதான், மருந்து போட்ட கோழியில் மருந்து வைரஸ் இருக்கும். அப்புறம் பின்பாதி வந்தது. அது முற்றிலும் வேறு வகை.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். முன்பாதி ஒரு வைரஸ், பின்பாதி இன்னொரு வைரஸ். வெளியிலிருந்து வந்த வைரஸ் ஒன்று, மருந்து வைரஸோடு ஒரே செல்லுக்குள் சந்தித்து, பாதிப் பாதி மாற்றிக்கொண்டு, புதிதாய் ஒன்று பிறந்திருக்கிறது. இப்படி நடப்பதுண்டு என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் இந்தச் சேர்க்கையை யாரும் எங்கும் பார்த்ததில்லை. அதுவும் சொந்தத் தம்பி வீட்டுக் கோழியில்!

பின்பாதி வகைக்கும் கடையில் தடுப்பு மருந்து கிடைக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தம்பிதான் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டானே.

பக்கத்து அறையில் 'மரம்' இருந்தார். கம்ப்யூட்டரில் வைரஸ்களுக்கு வம்சாவளி மரம் வரைகிறவர். கிளை கிளையாகப் பிரித்து, யாருக்கு யார் சித்தப்பா பிள்ளை, யாருக்கு யார் பெரியம்மா பேத்தி என்று கண்டுபிடிப்பவர். அதிகம் பேச மாட்டார், அதனாலும் மரம். அவரிடம் ஓடினாள்.

மரம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மலை மாதிரி கோடு எழும்பும். ஓரிடத்தில் ஒரு மலைதான் இருக்க வேண்டும்.

"இங்க பாருங்கக்கா, ரெண்டு பாதியும் ஒட்டுற இடத்துல. பெரிய மலைக்குப் பின்னாடி ஒரு குட்டி மலை தெரியுது. அடுத்ததுலயும் தெரியுது."

"மெஷினுக்கு வயசாச்சு. போன மாசமும் இப்படித்தான் காட்டிச்சு."

"ரெண்டு வைரஸ் கலந்திருந்தாலும் இப்படி வருமே?"

"கலக்குறதுக்கு ரெண்டாவது எங்கேருந்து வரும்? ஒரே மருந்துதான் போட்டிருக்கு. என் தம்பி. என்கிட்ட மறைப்பானா?"

மரம் மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்கும் ஆசை இருந்தது. எத்தனையோ வருஷமாக அதே கிளைகளையே வரைந்து வரைந்து அலுத்துப்போன மனுஷன். யாரும் வரையாத ஒரு கிளையை வரைய யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

"நீங்க சொன்னா சரிதான்கா," என்று சொல்லிவிட்டுப் புதுக் கிளைக்குச் சிவப்பு நிறம் தேர்ந்தெடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிரிவுத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே முதல் தடவை. எல்லா ஆய்வகங்களும் கூடும் வருடாந்திரக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் அவள் பேச வேண்டும் என்றார். வாசலில் மாட்ட ஒரு பேனருக்கும் சொல்லிவிட்டார். இனிப்பு வாங்கி எல்லா மேஜைக்கும் கொடுத்தார்கள். மாட்டுப் பிரிவுக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள்; அவர்கள் கையைக் குலுக்கும்போது அவள் பழைய மனக்குறையை மறந்தாள்.

வைரஸுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தின் பெயரை வைக்கலாம் என்றார் தலைவர். எங்கே கிடைத்ததோ அந்த இடத்தின் பெயரை வைப்பதுதான் முறை என்றார் மரம். அவள் தம்பிக்கு போன் போட்டாள்.

"டேய், உன் பண்ணைப் பேரு உலகம் பூரா தெரியப்போகுது."

"எதுக்குக்கா?"

"வைரஸுக்கு உன் பண்ணைப் பேரு வைக்கலாம்னு இருக்கோம்."

தம்பி அவசரமாகத் தொண்டையைச் செருமினான். அப்புறம், "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். ஏற்கெனவே முட்டை பாதியாயிடுச்சு. இதுல என் பேரையும் வச்சா மிச்ச முட்டையை நானே தின்ன வேண்டியதுதான்."

"உனக்கு அறிவியல் உணர்வே இல்லைடா."

"கோழி எப்போ சரியாகும்னு சொல்லேன்."

வெந்நீர், காற்றோட்டம் என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தக் கேள்வியை அவன் மூன்றாவது தடவையாகக் கேட்கிறான் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பேச்சுக்கு ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப்பக்கம் புருஷன் உட்கார்ந்து கேட்டார். அவள் வேகமாகப் பேசும் இடங்களிலெல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தியது.

"என்னங்க, காலை ஏன் அப்படி உதைக்கிறீங்க?"

"பழக்க தோஷம். பிரேக் தேடுது."

"பேச்சு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். அந்தப் பாதியும் இந்தப் பாதியும் ஒண்ணுதான், ஒட்டித்தான் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? நீதானே ஒட்டின?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"சரி," என்றார் அவர், காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். முதல் படமாகத் திரையில் காட்ட அந்தக் கொட்டகையை நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும், அதற்காக. தம்பி பண்ணையில் இருந்தான். அவன் பொண்டாட்டி, "உள்ள வாங்க அண்ணி, வெயில்ல வந்திருக்கீங்க," என்று சொல்லிக் குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

கதவுத் தட்டில், தக்காளிக்குப் பக்கத்தில், இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. இரண்டும் தடுப்பு மருந்துப் பெட்டி. ஒன்றில் நீலக் கோடு, ஒன்றில் பச்சைக் கோடு. நீலம் அவளுக்குத் தெரிந்தது; வழக்கமான மருந்து. பச்சையும் தெரிந்தது. தெரிந்ததுதான் பிரச்சினை.

"இது என்னம்மா?"

"கோழி மருந்துதான் அண்ணி. மிச்சம் இருந்துச்சு, வச்சிருக்கேன்."

"ரெண்டா?"

"ஆமா. ஒண்ணு பழசு, ஒண்ணு வேற வகையாம். ரெண்டையும் தொட்டியில ஒண்ணாக் கலந்து விட்டோம். நீங்க குச்சி விட வந்தீங்களே, அதுக்கு முந்தின வாரம்."

அவள் தண்ணீர் டம்ளரை வாங்கி, குடிக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பாதி நீலப்பெட்டி. பின்பாதி பச்சைப்பெட்டி. புது வைரஸ் எந்தச் செல்லிலும் பிறக்கவில்லை. அவள் மேஜையில்தான் பிறந்தது. ஒரே சளியில் இரண்டு மருந்து வைரஸ்கள் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. முன்பாதிச் சோதனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. பின்பாதிச் சோதனை மற்றதைப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டையும் நடுவில் ஒட்டிக் கல்யாணம் செய்துவைத்தது இவள். குட்டி மலைகள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியிருக்கின்றன.

தம்பி உள்ளே வந்தான். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருப்பதையும் அக்கா முகத்தையும் பார்த்தான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்க கேட்ட?" என்றான். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "'அந்த ஒண்ணுதானே'ன்னு நீயே கேட்டு நீயே முடிச்சுட்ட. கடைக்காரர் ரெண்டும் போட்டா எது வந்தாலும் தாங்கும்னாரு. ரெண்டு இருக்கேன்னு ஒவ்வொண்ணுலயும் பாதிப் பாதி போட்டோம். உன்கிட்ட கேட்டிருக்கலாம். ஆனா உன்கிட்ட ஒண்ணு கேட்டா நூறு சொல்லுவ. கோழியைக் கையில பிடிச்சுட்டு நின்னது ஞாபகம் இருக்கா? எனக்கு மூணு நாள் தோள் வலி."

தம்பி பொண்டாட்டி அவன் கையைச் சுரண்டினாள். அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

"தொட்டியில குழாய்த் தண்ணியா ஊத்துனீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

குழாய்த் தண்ணீரில் குளோரின். உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொல்ல அது போதும். ஏற்கெனவே பாதி அளவு, அதில் பாதி செத்தது. கோழிகளுக்குப் பாதுகாப்பே கிடைத்திருக்காது. இதை விளக்கமாகச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். போட்டோ எடுக்காமலே கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் வந்தது அவமானம். மூக்கு உடைபடப்போகிறது, அதுவும் பேனர் கட்டி. அடுத்து, தம்பி சொன்னது. இருபது வருஷமாக வைரஸின் ஒவ்வோர் எழுத்தையும் விடாமல் படித்தவள், எதிரில் நின்ற கூடப்பிறந்தவன் முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. அவன் தொட்டியைப் பார்த்தானே! அது அவளுக்கு ரொம்ப வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரம்மா, "என்னம்மா, சளியா?" என்று கேட்டாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்குக் கேட்டேனே," என்று சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. அதற்குப் பதிலாக, "நாளைக்குக் காலையில முதல் வேலையாச் சொல்லிடு. நான் ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய் விடறேன்," என்றார்.

காலையில் முதலில் மரத்திடம் போனாள். "அந்தக் குட்டி மலை இருக்கே..." என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது. திரையில் சிவப்புக் கிளை இன்னும் பளபளவென்று இருந்தது. அவர் அதை அழித்தார். பிறகு, "எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சுக்கா. நானும் வாயை மூடிக்கிட்டேன்," என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

தலைவர் அறையில் பேனர் சுருட்டி வைத்திருந்தது. அவள் நின்றுகொண்டே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"மேல சொல்லியாச்சேம்மா."

முதல் தடவையாக 'அக்கா' போய் 'அம்மா' வந்திருந்தது. அது மரியாதை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"என் பேச்சை எடுத்துடலாம் சார்."

"எப்படி எடுக்கிறது? நிகழ்ச்சி நிரல் அச்சாகிப் போயிடுச்சு. நீங்க ஒட்டுனீங்க, நீங்களே போய்ப் பிரிங்க. என்ன பேசணுமோ பேசுங்க. என்னை மட்டும் மேடைக்குக் கூப்பிடாதீங்க."

கூட்டம் நடப்பதற்குள் உண்மையாவது தெரிய வேண்டும் என்று அவளும் மரமும் வேலையைத் திரும்பவும் ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை சேர்த்த குப்பி இல்லை. குளிர்பெட்டியில் மிச்சம் வைத்திருந்த ஒவ்வொரு கோழியின் சளியும் தனித்தனியாக. ஒவ்வொரு வகைக்கும் தனிச் சோதனை. நீலப்பெட்டி வைரஸ் வந்தது. பச்சைப்பெட்டி வைரஸ் வந்தது. ஒட்டுப்போட்ட வைரஸ் ஒரு கோழியிலும் இல்லை. ஆனால் ரொம்பச் சத்தமாக இருமிய சில கோழிகளின் சளியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த ஊர்சுற்றி வைரஸ், நீல மருந்துக்கும் பச்சை மருந்துக்கும் சம்பந்தமில்லாத வகை. முள்ளில் நாலைந்து எழுத்து மட்டும் புதிதாக மாறியிருந்தது. தம்பியின் கோழிகளைக் குறட்டை விடவைத்தது இதுதான். சேர்த்த குப்பியில் இரண்டு மருந்து வைரஸும் சத்தமாக இருந்ததால் இது பின்னால் மறைந்து நின்றிருந்தது.

"இதுக்கு இனிப்பு வாங்க மாட்டாங்க," என்றாள் அவள்.

"கிளைகூட வேண்டாம். ஒரு இலை போட்டாப் போதும்," என்றார் மரம்.

கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரம். பாதி நாற்காலி காலி. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. பிரிவுத் தலைவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தூணை விடச் சின்னதாக உட்கார்ந்திருந்தார். அவள் எழுதிக்கொண்டுவந்த தாளை மேஜையில் வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு நான் ஒரு புது வைரஸோட வர்றதா உங்ககிட்ட இருக்கிற நிரல்ல போட்டிருக்கு," என்று ஆரம்பித்தாள். "கிளம்பினது ஒண்ணாத்தான் கிளம்பினோம். வழியில அது ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. ஒண்ணு எங்க தம்பி வீட்டு ஃப்ரிட்ஜ்ல நீலப் பெட்டிக்குள்ள இருக்கு. இன்னொண்ணு தக்காளிப் பக்கத்துல பச்சைப் பெட்டியில இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். தூங்கியவர்கள் எதற்குச் சிரிப்பு என்று விழித்துக்கொண்டார்கள். அவள் குட்டி மலையைத் திரையில் பெரிதாகக் காட்டினாள். "இதைத்தான் நான் மெஷினுக்கு வயசாச்சுன்னு சொன்னேன். மெஷினை வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. வயசானது எனக்கு." சேர்த்த குப்பியில் எப்படி இரண்டு பாதியும் வேறு வேறு இடத்திலிருந்து வரும் என்று காட்டினாள். தம்பியிடம் தான் கேட்ட கேள்வியையும், அதற்கு வந்த 'ம்'மையும் அப்படியே நடித்துக் காட்டினாள். கடைசியாக மூன்றாவது வைரஸையும் அதன் நாலைந்து எழுத்தையும் காட்டி முடித்தாள்.

அப்போதுதான் முழித்த ஒருவர் கை தூக்கினார். "அப்போ அந்தப் புது வைரஸுக்கு மருந்து இருக்கா?"

"அதுவே மருந்துதாங்க," என்றாள். அரங்கம் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

டீ இடைவேளையில் ஒரு தூரத்து ஆய்வகத்துக்காரர் அவளைத் தேடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவளை ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "மேடம், அந்தக் குட்டி மலை... எவ்வளவு உயரம் வரைக்கும் இருந்தாப் பரவாயில்லை?"

"ஏங்க?"

"நாளைக்குக் காலையில நான் பேசுறேன். என்கிட்டயும் ஒரு புது வைரஸ் இருக்கு."

அவள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தாள். மறுநாள் காலை நிகழ்ச்சியில் அவர் பேச்சு 'உடல்நலக் குறைவால்' ரத்தாகியிருந்தது.

அதற்காக அவளுக்கு யாரும் மாலை போடவில்லை. பேனரைத் தலைவர் பின்பக்கமாகத் திருப்பி வேறு நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டார். கொஞ்சநாள் மாட்டுப் பிரிவுக்காரர்கள் அவளை வராந்தாவில் பார்த்தால், "என்னக்கா, இன்னைக்கு ஏதும் ஒட்டலையா?" என்று கேட்டார்கள். "பசை தீர்ந்துடுச்சு, உங்க பிரிவுல இருந்தா குடுங்க," என்று அவள் சொல்லிப்போவாள். தலைவர் வாயில் 'அக்கா' திரும்ப வர மழைக்காலம் வரை ஆனது.

ஆனால் அந்த இலை வேலை செய்தது. மூன்றாவது வைரஸில் மாறியிருந்த நாலைந்து எழுத்தும், அப்படியே, வேறு மூன்று பண்ணைகளிலிருந்து வந்த சளியிலும் இருந்தன. அந்தப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. ஆளும் பொதுவில்லை, தீவனக் கடையும் பொதுவில்லை. அவள் ஒவ்வொரு பண்ணைக்கும் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை, "உங்க பண்ணைக்குள்ள என்னென்ன வருது, சொல்லுங்க," என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அது கோழியைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாக்கைக் கடித்துக் கடித்து அவளுக்குப் புண்ணே வந்துவிட்டது. ஆனால் பேசவிட்டால் மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள்! மாமியார் சண்டை, மோட்டார் ரிப்பேர், பிள்ளை படிப்பு எல்லாம் வந்தது. நடுவில் முட்டை அடுக்குகிற காகித அட்டையும் வந்தது. நாலு பண்ணைக்கும் ஒரே முட்டை வண்டி. முட்டையைக் கடையில் இறக்கிவிட்டு, காலி அட்டைகளை எந்தப் பண்ணையது என்று பார்க்காமல் அடுத்த பண்ணையில் இறக்கிவிடுவது அந்த வண்டியின் வழக்கம். எச்சமும் சளியும் ஒட்டிய காகித அட்டை கொட்டகைக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அட்டையைத் துடைத்துச் சோதித்தார்கள். அதே எழுத்துகள் வந்தன.

அதற்குப் பிறகு நாலு பண்ணைக்காரர்களும் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டுக்கு மாறினார்கள். அவரவர் தட்டு அவரவருக்கே திரும்பியது. புதிதாக வந்த கோழிகளிடமிருந்து அவள் எடுத்த சளியில் அந்த வகை காணவில்லை. தம்பியின் பழைய கோழிகள் இருமலிலிருந்து தேறின, ஆனால் முட்டை பழையபடி வரவே இல்லை. சில கோழிகள் கூட்டில் போய் ஒழுங்காக உட்காரும், எழுந்து கொக்கரிக்கும், பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது. வைரஸ் முட்டை வருகிற குழாயைக் கெடுத்துவிட்டிருந்தது. தம்பிக்கு அது பெரிய நஷ்டம். அந்த வருஷம் முழுக்க அவன் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரே ஒரு தடவை சிரித்தான். அந்தக் கோழிகளைப் பற்றி அவன் சொல்லி முடித்ததும் அவள், "அதுங்க என்கிட்ட டிரெயினிங் எடுத்திருக்கும்டா. நானும் அப்படித்தான் ஒரு மாசம் கொக்கரிச்சேன்," என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு நின்றதும், "உன் பேச்சை வீடியோல பார்த்தேன்கா. என்னை மாதிரியே 'ம்' சொன்ன," என்றான்.

"சரியா இருந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம் பயந்து சொல்லியிருக்கணும்."

பழைய கோழிகளை அனுப்பிவிட்டு, கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, தம்பி புதுக் குஞ்சுகளை இறக்கினான். தடுப்பு மருந்து கொடுக்கிற நாளில் அவளையும் வரச் சொன்னான். அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி பொண்டாட்டி கிணற்றுத் தண்ணீர் பிடித்து, மருந்து சாகாமல் இருக்கப் பால் பவுடர் கலந்து, மருந்தை முழு அளவில் ஊற்றிக் கரைத்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சளியக்காவுக்குத் திருத்த ஒன்றும் இல்லை. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் குழாயடியில் முட்டி மோதிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தன. மாமனும் மச்சானும் வெளியே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது பற்றி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். "அண்ணி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்," என்று தம்பி பொண்டாட்டி கூப்பிட்டாள். அவள் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே போனாள்.